கறை வேறு, தழும்பு வேறு
முகப்பரு பற்றி இளந்தொழிலாளருடன் ஒரு பேச்சு

(திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் வேலை செய்யும் மலையக இளைஞர், யுவதிகளுக்காகப் போயா விடுமுறை தினத்தில் நடைபெற்ற சங்க வகுப்பில், தோட்டப் பாடசாலை ஆசிரியையும் எமது அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



இன்றைய வகுப்பின் தலைப்பைக் கேட்டுச் சிலர் சிரித்தார்கள் என்று அறிந்தேன். "சம்பளத்தைப் பற்றிப் பேச வேண்டிய சங்கம் முகப்பருவைப் பற்றிப் பேசப் போகிறதா?" என்று ஒரு தம்பி கேட்டாராம். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

ஐந்து மாதத்துக்கு முன் சங்க வேலையாக இங்கே வந்திருந்தபோது ஒரு தங்கையைச் சந்தித்தேன். என்னிடம் படித்த பிள்ளை. உயர்தரம் முடித்துவிட்டு, இந்த மாவட்டத்தில் ஒரு விடுதிக்கு வேலைக்கு வந்தவள். வரவேற்பு மேசை வேலை என்று சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். வந்த பிறகு, "முகம் கொஞ்சம் சரியாகட்டும், பிறகு பார்ப்போம்" என்று சொல்லி, துணி துவைக்கும் பகுதிக்கு அனுப்பிவிட்டார்கள். சம்பளமும் அதற்கேற்பக் குறைந்துவிட்டது. அவள் என்ன செய்தாள்? முதல் மாதச் சம்பளத்தில் வீட்டுக்கு அனுப்பிய மிச்சத்தை எடுத்து, பெயர் ஊர் தெரியாத ஒரு வெள்ளையாக்கும் கிறீம் டப்பாவை வாங்கினாள். நான் பார்த்தபோது முகம் முழுக்கச் சிவந்து, வெயிலில் நிற்க முடியாமல், சாலால் மூடிக்கொண்டு நின்றாள்.

வேலை போனது, சம்பளம் குறைந்தது, உடம்பு கெட்டது, கடைக்காரருக்கு லாபம் சேர்ந்தது. இது சங்கத்தின் விசயம் இல்லையென்றால் வேறு எது சங்கத்தின் விசயம்?

இன்னொரு காரணமும் உண்டு. என் முகத்தைப் பாருங்கள். இந்த வெளிச்சத்தில் இரண்டு கன்னத்திலும் குழிகள் தெரியும். சாதாரண தரப் பரீட்சை எழுதிய வருடம் எனக்குப் பெரிய பெரிய கட்டிகளாகப் பரு வந்தது. தலையணையில் கன்னத்தை வைக்க முடியாது. அம்மா கொழுந்து எடுப்பவர். என்னை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனால் அவருக்கு ஒரு நாள் பேர் போய்விடும். ஒரு நாள் பேர் என்றால் என்னவென்று இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1,000 ரூபா நாட்சம்பளத்துக்காக 2015 முதல் 2021 வரை போராடியவர்கள் நம் பெற்றோர். ஆஸ்பத்திரிக்குப் பதிலாகப் பக்கத்துக் கடையில் கடனுக்கு ஒரு ரியூப் கிடைத்தது. முதல் வாரம் முகம் பளபளத்தது. பிறகு, பூசினால் அடங்கும், நிறுத்தினால் எரியும். அது ஸ்டீரொயிட் மருந்து என்பதைப் பல வருடம் கழித்து ஒரு தோல் வைத்தியர் சொல்லித்தான் அறிந்தேன். அதற்குள் இந்தக் குழிகள் நிலைத்துவிட்டன. அம்மா இன்றைக்கும் சொல்வார்: "அன்றைக்குப் பேரைப் பார்க்காமல் உன்னைக் கூட்டிப் போயிருக்கணும்." அது அம்மாவின் பிழை இல்லை. ஆனால் இனி வரும் பிள்ளைகளுக்கு இது நடக்க வேண்டியதில்லை. அதற்காகத்தான் இந்தப் பேச்சு.

பரு எப்படி வருகிறது?

நம் தோலில் ஒவ்வொரு மயிரும் ஒரு சிறு குழியிலிருந்து முளைக்கிறது. அந்தக் குழியோடு ஒட்டி ஒரு நெய்ச்சுரப்பி இருக்கிறது. தோல் காய்ந்து போகாமல் அது நெய் சுரக்கிறது. பருவ வயதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சில ஓமோன்கள் கூடும்போது இந்த நெய்யும் கூடுகிறது. அதே சமயம் குழியின் வாயில் உதிர வேண்டிய செத்த தோல் உதிராமல் ஒட்டிக்கொண்டு அடைக்கிறது. லயத்துக் கானில் இலையும் மண்ணும் சேர்ந்து அடைத்தால் பின்னால் தண்ணீர் தேங்குவது போல உள்ளே நெய் தேங்குகிறது. நம் எல்லோருடைய தோலிலும் எப்போதும் வாழும் ஒரு வகைப் பற்றீரியா அந்த நெய்யில் பெருகுகிறது. உடம்பு அதை எதிர்க்கும்போது சிவப்பு, வீக்கம், சீழ், வலி எல்லாம் வருகின்றன.

12 வயதுக்கும் 24 வயதுக்கும் இடைப்பட்டவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 85 பேருக்கு ஏதோ ஓர் அளவில் பரு வருவதாக மருத்துவ நூல்கள் சொல்கின்றன. ஆகவே இது அழுக்கினால் வருவது இல்லை. கெட்ட பழக்கத்தால் வருவதும் இல்லை. "கலியாணம் கட்டினால் போய்விடும்" என்பதும் பேச்சுத்தான். அப்பா அம்மாவுக்குக் கடுமையான பரு இருந்திருந்தால் பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு அதிகம். கரும்புள்ளியின் கறுப்பு நிறம்கூட அழுக்கு இல்லை. அடைபட்ட பொருள் காற்றுப் பட்டுக் கறுக்கிறது, அதில் தோலின் நிறப்பொருளும் கலந்திருக்கிறது. அதைத் தேங்காய்த் தும்பால் தேய்த்தால் போகாது, தோல்தான் புண்ணாகும்.

பருவில் எத்தனை வகை?

மூன்று படியாகப் பிரித்து நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

முதல் படி, வெண்புள்ளியும் கரும்புள்ளியும். குழி அடைபட்டிருக்கிறது, ஆனால் வீக்கம் இல்லை. வலிக்காது. கிள்ளாமல் விட்டால் பொதுவாகத் தழும்பு வராது.

இரண்டாம் படி, சிவந்த சிறு பருவும், தலையில் மஞ்சளாகச் சீழ் வைத்த பருவும். தொட்டால் வலிக்கும். பெரும்பாலும் கறை மட்டும் விட்டுப் போகும். நகத்தால் பிதுக்கினால் உள்ளே இருப்பது தோலுக்குள் இன்னும் ஆழமாகப் போய்த் தழும்பாக மாறலாம்.

மூன்றாம் படி, முடிச்சும் கட்டியும். தோலுக்கு அடியில் கல் மாதிரி உருளும், அல்லது சீழ்ப்பையாக வீங்கும். வாரக்கணக்கில் இருக்கும். கன்னம், தாடை, முதுகு, நெஞ்சு என்று பரவும். இதுதான் தோலின் அடிப்பகுதியையே தின்றுவிடுகிறது. இந்தப் படியில் இருப்பவர்கள் ஒரு மாதம்கூடக் காத்திருக்கக் கூடாது. நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கட்டிகளோடு காய்ச்சலும் மூட்டு வலியும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

மாதவிலக்கு ஒழுங்கில்லாமல், தாடையைச் சுற்றிப் பருவும் முகத்தில் மயிரும் கூடினால், தங்கைமாரே, அது சூலகத்தைச் சார்ந்த ஓமோன் கோளாறாக இருக்கலாம். வைத்தியரிடம் மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். பருவை மட்டும் காட்டிவிட்டு வந்துவிடாதீர்கள்.

வேலைத்தலமும் பருவைக் கூட்டும்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மலையில் கொழுந்துக் கூடையின் கயிறோ, சாக்கின் பட்டியோ நாள் முழுக்க நெற்றியிலும் தலையிலும் அழுந்துகிறது. வியர்வை, உரசல், அழுத்தம் மூன்றும் சேர்ந்தால் அந்த இடத்தில் மட்டும் பரு வரிசையாகக் கிளம்பும். உரசலால் வரும் இந்தப் பருவுக்கு 1975இல் மருத்துவர்கள் தனிப் பெயரே வைத்தார்கள். இங்கே கட்டிட வேலையில் இருக்கும் தம்பிமார் தலைக்கவசத்தின் தாடைப் பட்டியைப் பாருங்கள். அதே கதைதான்.

கராஜிலும், கப்பல் பழுதுபார்க்கும் இடத்திலும் இயந்திர எண்ணெயில் வேலை செய்கிறவர்களுக்குக் கையிலும் தொடையிலும் பரு வரும். எண்ணெய் ஊறிய காற்சட்டையை மூன்று நாள் தொடர்ந்து போட்டால் தொடை முழுக்கக் கரும்புள்ளியும் கட்டியும் கிளம்பும். தலையில் எண்ணெய் வழிய வழிய வைத்து வாரினால் அது நெற்றிக்கு இறங்கி, மயிர் எல்லையோரம் சிறு சிறு பருவாக வரும். நம் பாட்டிமார் சொன்ன எண்ணெயை நான் குறை சொல்லவில்லை. இரவில் வைத்துக் காலையில் கழுவுங்கள், நெற்றியில் இறங்க விடாதீர்கள்.

வெப்பமும் ஈரமும் பருவைக் கடுமையாக்கும். இரண்டாம் உலக யுத்தத்தில் குளிர்நாட்டுப் படையினர் வெப்ப நாடுகளின் வெக்கையில் வேலை செய்தபோது, முதுகு முழுக்கக் கட்டி கட்டியாகப் பரு வந்து, பாரத்தைத் தோளில் மாட்ட முடியாமல் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இருந்தார்கள். மலைக் குளிரிலிருந்து திருகோணமலை வெக்கைக்கு வரும் நம் பிள்ளைகளுக்கு முதல் வருடத்தில் பரு கூடினால் அதிசயப்பட ஒன்றுமில்லை.

எல்லாமே பரு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நெஞ்சிலும் முதுகிலும் ஒரே அளவாக, அரிப்போடு கிளம்புவது பூஞ்சணத்தால் வருவதாக இருக்கலாம். அதற்குப் பருவுக்குக் கொடுக்கும் மாத்திரையைப் போட்டால் இன்னும் கூடும். சவரம் செய்த இடத்தில் மயிர் உள்ளே வளைந்து முளைப்பதும் பருப் போலவே இருக்கும். சீமெந்துத் தூசியால் வருவது எரிச்சல் புண். இவற்றைப் பிரித்துப் பார்ப்பது வைத்தியர் வேலை.

கறை வேறு, தழும்பு வேறு

இன்றைக்கு நான் சொல்வதில் மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இந்த ஒன்றை மறக்காதீர்கள்.

மழைக்காலத்தில் அம்மாமாரின் காலில் அட்டை கடித்த இடத்தைப் பார்த்திருப்பீர்கள். சொறிந்தால் கறுப்புப் பொட்டு விழும். பல மாதம் இருக்கும், பிறகு மெல்ல மெல்ல மங்கும். நம்மைப் போன்ற கறுத்த, மாநிறத் தோலில் எங்கே புண் வந்து ஆறினாலும் அந்த இடத்தில் நிறம் கூடும். பரு ஆறிய இடத்தில் இருக்கும் கறுப்புப் பொட்டும் அதுதான். அது தழும்பு இல்லை, கறை. சிலருக்குச் சிவப்புக் கறையாக இருக்கும். புதிய பரு வராமல் தடுத்து, வெயிலிலிருந்து காத்தால், சில மாதத்தில் இருந்து ஓரிரு வருடத்துக்குள் பெரும்பாலும் தானாகவே மங்கிவிடும்.

தழும்பு வேறு. அது தோலின் அடிப்பகுதியில் நடந்த சேதம். தோலைத் தாங்கி நிற்கும் நார்ப்பொருள் அழிந்தால் குழி விழும். மூன்று மாதிரிக் குழிகள் உண்டு. ஊசியால் குத்தியது போல ஒடுங்கி ஆழமாக இருப்பது ஒன்று. அம்மைத் தழும்பு மாதிரி அகன்று, ஓரம் செங்குத்தாக இருப்பது இன்னொன்று. ஓரமே தெரியாமல் தோல் அலை அலையாக இறங்கி ஏறுவது மூன்றாவது. என் கன்னத்தில் மூன்றும் இருக்கின்றன. சிலருக்கு மாறாக நார்ப்பொருள் அளவுக்கு மீறி வளர்ந்து மேடாகும். நெஞ்சு, தோள், தாடை ஆகிய இடங்களில் அப்படி வரும். காயத்தின் எல்லையையும் தாண்டி வளர்ந்துகொண்டே போனால் அது கீலொயிட். நம் தோல் நிறத்தவருக்கு இது வரும் வாய்ப்புக் கூட.

எது கறை, எது தழும்பு என்று அறிய ஒரு சின்னச் சோதனை. கண்ணை மூடிக்கொண்டு சுத்தமான விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். சமமாக இருந்தால் கறை. குழியோ மேடோ விரலுக்குத் தட்டுப்பட்டால் தழும்பு.

இதில் வியாபாரத்தின் தந்திரம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தானாகவே மங்கப் போகும் கறைக்குத்தான் கடையில் கிறீம் விற்கிறார்கள். மூன்று மாதம் பூசிய பிறகு மங்கினால் "கிறீம்தான் போக்கியது" என்று நாமே விளம்பரம் செய்கிறோம். நிலைத்து நிற்கும் தழும்பை எந்தக் கிறீமும் மட்டமாக்காது. தழும்புக்கு ஊசிச் சிகிச்சை, லேசர், சிறு சத்திரசிகிச்சை என்று வழிகள் உண்டு. ஆனால் அவை செலவானவை, பல தடவை போக வேண்டியவை, முற்றாகவும் போக்காதவை. பருவை அடக்கிய பிறகுதான் அவற்றைத் தொடங்கவும் முடியும். தழும்புக்கு மலிவான மருந்து ஒன்றே ஒன்றுதான்: தழும்பு விழுவதற்கு முன் பருவுக்கு வைத்தியம் செய்வது.

ரியூப்புக்குள்ளும் டப்பாவுக்குள்ளும் இருப்பது என்ன?

ஸ்டீரொயிட் என்பது நல்ல மருந்து. மேடான கீலொயிட்டுக்கு வைத்தியர் அதையே ஊசியாக ஏற்றுவார். எக்சிமாவுக்குக் கொடுப்பார். ஆனால் முகத்தில் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, சிவப்பு நரம்புகள் தெரியத் தொடங்கி, மயிர் முளைத்து, புதிய பருவையே கொண்டுவரும். நிறுத்தினால் எரிச்சல் வருவதால் விட முடியாமல் திரும்பத் திரும்ப வாங்குவோம். இந்தியாவில் இந்தக் கொடுமை கூடித் தோல் வைத்தியர்கள் குரல் கொடுத்த பிறகு, 2018இல் 14 வகை ஸ்டீரொயிட் பூச்சு மருந்துகள் வைத்தியரின் சீட்டுடன் மட்டும் விற்க வேண்டிய பட்டியலில் சேர்க்கப்பட்டன. ரியூப்பில் பீட்டாமெதசோன், குளோபெட்டசோல், மொமெட்டசோன் என்ற பெயர் ஏதாவது இருந்தால் அது ஸ்டீரொயிட். ஏற்கெனவே பல மாதமாகப் பூசி வருகிறவர்கள் இதைக் கேட்டுவிட்டு நாளைக்கே தூக்கி எறியாதீர்கள். ரியூப்பையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போங்கள். எப்படிப் படிப்படியாக நிறுத்துவது என்று அவர் சொல்வார்.

வெள்ளையாக்கும் கிறீம்கள் சிலவற்றில் இருப்பது அதைவிட மோசமானது. பாதரசம். தோலில் நிறப்பொருள் உருவாவதை அது தடுக்கிறது. பிறகு தோல் வழியாக இரத்தத்துக்குள் போய்ச் சிறுநீரகத்தையும் நரம்பையும் பாதிக்கிறது. பூசியவரின் துவாய், தலையணை, கை வழியாக வீட்டில் உள்ள குழந்தைக்கும் போகிறது. வயிற்றில் இருக்கும் சிசுவையும் பாதிக்கும். ஜப்பானில் மினமாட்டாவில் பாதரசக் கழிவால் மீனவக் குடும்பங்கள் பட்ட பாட்டை உலகம் அறியும். அந்த ஊரின் பெயரில்தான் 2013இல் உலக நாடுகள் உடன்படிக்கை செய்தன. இலங்கை 2017இல் அதை ஏற்று உறுதிப்படுத்தியது. அந்த உடன்படிக்கையின்படி, பாதரசம் சேர்த்த வெள்ளையாக்கும் கிறீம்களை 2020க்குப் பிறகு உற்பத்தி செய்யவோ ஏற்றுமதி, இறக்குமதி செய்யவோ கூடாது. ஆனாலும் அவை உலகச் சந்தையில் கிடைக்கத்தான் செய்கின்றன.

எப்படிக் கண்டுபிடிப்பது? டப்பாவில் உள்ளடக்கம் எழுதியிருக்காது. இறக்குமதி செய்தவரின் பெயரோ விலாசமோ இருக்காது. "மேர்கியூரி", "கலமெல்" என்ற சொற்கள் இருந்தால் சந்தேகமே வேண்டாம். இன்னொரு அடையாளம் உண்டு: "தங்கம், வெள்ளி, அலுமினியம், றப்பர் படாமல் வையுங்கள்" என்று எழுதியிருந்தால் பாதரசம் இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. தாலியில் படக் கூடாதது முகத்தில் மட்டும் படலாமா, அக்காமாரே? இப்படிப்பட்ட டப்பாவைக் கண்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அறிவிக்கலாம். கிளைச் செயலாளரிடம் கொடுத்தால் அவர் அறிவிப்பார்.

அப்படியானால் என்ன செய்வது?

காலையிலும், வேலை முடிந்த பிறகும் மென்மையான சவர்க்காரத்தால் முகத்தைக் கழுவுங்கள். இரண்டு தடவை போதும். தேய்க்க வேண்டாம். பிதுக்க வேண்டாம். பற்பசையும் தேசிக்காய்ச் சாறும் தோலைச் சுடும். தேசிக்காய் பூசிக்கொண்டு வெயிலில் போனால் கறை இன்னும் கறுக்கும். மஞ்சளும் சந்தனமும் ஒத்துக்கொண்டால் பூசுங்கள், ஆனால் அவற்றை மருந்து என்று நம்பிக் கட்டியோடு காத்திருக்காதீர்கள். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணற்றிலும் குளித்தால் தோல் நோய் தீரும் என்று சொல்வார்கள். ஒரு தடவை போய்க் குளித்துவிட்டு வாருங்கள், களைப்புத் தீரும். பருவுக்கு ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். தொப்பியோ குடையோ இல்லாமல் வெயிலில் நிற்காதீர்கள். சீனி அதிகம் சேர்ந்த தேத்தண்ணீரும் இனிப்புப் பானமும் சிலருக்குப் பருவைக் கூட்டும். குறைத்துப் பாருங்கள், பல்லுக்கும் நல்லது.

லேசான பருவுக்கு பென்சொயில் பெரொக்சைட் என்ற பூச்சு மருந்து உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கும் மருந்து. பதிவு பெற்ற பாமசியில் கேளுங்கள். முதலில் இரவில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பூசுங்கள். கொஞ்சம் காயும், உரியும். தலையணை உறையின் சாயத்தை வெளுக்கும், அதனால் பழைய துணி விரியுங்கள். பருவில் மட்டும் புள்ளி வைக்காமல், பரு வரும் இடம் முழுவதும் மெல்லியதாகப் பூச வேண்டும்.

அதற்கு மேலானவற்றுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போங்கள். தோல் கிளினிக்குக்குத் துண்டு எழுதித் தருவார்கள். பணம் கட்டத் தேவையில்லை. அங்கே கொடுக்கும் மருந்துகள் பற்றி மூன்று விசயம். டொக்சிசைக்கிளின் மாத்திரையை நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும், விழுங்கியவுடன் படுக்கக் கூடாது, கர்ப்பிணிகள் எடுக்கக் கூடாது. அடபலீன், டிரெட்டினொயின் போன்ற பூச்சு மருந்துகளையும் கர்ப்ப காலத்தில் தவிர்க்க வேண்டும். கடுமையான கட்டிகளுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினொயின் மிகச் சிறந்த மருந்து, ஆனால் அதை எடுக்கும் காலத்தில் கர்ப்பம் தரித்தால் குழந்தை பாரதூரமான ஊனத்தோடு பிறக்கலாம். தோழிக்குக் கொடுத்த மாத்திரையை வாங்கிப் போடும் பழக்கம் நம்மிடம் உண்டு. இந்த மாத்திரையில் அது வேண்டவே வேண்டாம்.

எந்த மருந்தும் வேலை செய்ய 8 முதல் 12 வாரம் எடுக்கும். ஒரு வாரத்தில் முகத்தை மாற்றும் மருந்து உண்டென்றால் அதற்குள் என்ன இருக்கிறது என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

இன்னொன்று. பருவினால் பாடசாலைக்கு வராமல் நின்ற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். கண்ணாடியைத் திருப்பி வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கேலி செய்கிறவர்களுக்கு அது ஒரு நிமிடப் பேச்சு, கேட்கிறவருக்கு வருடக்கணக்கில் நிற்கும். சாப்பிடாமல், பேசாமல், சாவைப் பற்றிப் பேசும் யாராவது உங்கள் அறையில் இருந்தால் தனியாக விடாதீர்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் பேசலாம்.

சங்கம் செய்ய வேண்டியது

நான்கு கோரிக்கைகளைக் கிளைக் கூட்டத்துக்குக் கொண்டுபோகிறேன். உங்கள் கை வேண்டும்.

ஒன்று, கிளினிக் அட்டை காட்டும் நாளுக்குத் தோட்டத்தில் பேர் வெட்டக் கூடாது. பிள்ளையைக் கூட்டிப் போகும் தாய்க்கும் அது பொருந்த வேண்டும். கடையிலும் அலுவலகத்திலும் வேலை செய்கிறவர்களுக்கு 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் முதல் வருடம் முடிந்த பிறகு வருடத்துக்கு 7 நாள் தற்செயல் லீவு தருகிறது. கிளினிக்குக்குப் போக அதைக் கேட்டு எடுங்கள். கொடுக்க மறுத்தால் எங்களிடம் சொல்லுங்கள்.

இரண்டு, எண்ணெயிலும் தூசியிலும் வேலை செய்யும் இடங்களில் கழுவத் தண்ணீர், சவர்க்காரம், மாற்றுடுப்பு. மலையில் நெற்றியை அறுக்காத அகலமான மெத்தைப் பட்டி.

மூன்று, முகத்தைக் காரணம் காட்டி வேலையையும் சம்பளத்தையும் குறைப்பதை முறைப்பாடாகப் பதிவு செய்தல்.

நான்கு, தோட்டப் பாடசாலைகளில் எட்டாம் தரத்திலிருந்து இந்த வகுப்பை நடத்துதல். நான் என் பாடசாலையில் தொடங்கிவிட்டேன். வருடத்துக்கு ஒரு தடவை, ஒரு பாடவேளை போதும்.

1977இலும் 1983இலும் வீடு எரிந்து இந்த மாவட்டத்துக்கு வந்து குடியேறிய மலையகக் குடும்பங்கள் உண்டு. அவர்களின் பேரப்பிள்ளைகளும் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். மலையில் இருப்பவர்களோ, துறைமுகத்துக்கு வந்தவர்களோ, நம் பிள்ளைகளுக்கு ஆஸ்பத்திரி தூரமாகவும் கடை பக்கமாகவும்தான் எப்போதும் இருந்திருக்கிறது. அந்தத் தூரத்தைக் குறைப்பதும் சங்க வேலைதான்.

முதலில் சொன்ன அந்தத் தங்கை என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். கிளையில் உள்ள ஓர் அக்கா அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். டப்பாவையும் எடுத்துப் போனார்கள். கிறீமை நிறுத்தியதும் முதல் ஐந்து வாரம் முகம் இன்னும் மோசமானது. அழுதாள். விடவில்லை. நேற்று மாலை பார்த்தேன். புதிய கட்டி இல்லை. கறைகள் இருக்கின்றன, அவை மங்கும். விரலால் தடவிப் பார்த்து, "குழி இரண்டுதான் டீச்சர்" என்றாள். வரவேற்பு மேசை பற்றி விடுதி நிர்வாகத்தோடு சங்கம் பேசிக்கொண்டிருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. வரும்வரை பேசுவோம்.

இப்போது கேள்விகளைக் கேளுங்கள். எல்லோர் முன்னாலும் கேட்கக் கூச்சமாக இருந்தால் துண்டில் எழுதி அனுப்புங்கள், பெயர் வேண்டாம். வைத்தியரிடம் கேட்க வேண்டியவற்றை நானே கேட்டு வந்து அடுத்த இதழில் எழுதுகிறேன்.